இரண்டு காற்று மெத்தையை எப்படிச் சேர்ப்பது? – சந்தேகங்களுக்கு விளக்கம்

சரி, முதலில் இந்தக் கேள்வி. வந்த நாளில் இருந்து மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கிண்ணியாவில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: "நானும் கணவரும் நிலாவெளிப் பக்கம் கூடாரம் போட்டுத் தங்கினோம். ஆளுக்கொரு காற்று மெத்தை. படுக்கும்போது ஒட்டித்தான் வைத்தோம். விடியும்போது நடுவில் ஒரு முழம் இடைவெளி, என் கை மணலில் கிடக்கிறது. ஜனவரியில் ஹோட்டன் சமவெளிக்குப் போகிறோம். பசை போட்டு ஒட்டிவிடலாமா, அல்லது இருவர் படுக்கும் பெரிய மெத்தையாக வாங்கிவிடலாமா?"

பசை வேண்டாம் தங்கச்சி. அந்த மெத்தை காற்றைப் பிடித்து வைத்திருப்பதே துணியில் உள்ள மெல்லிய பூச்சினால்தான். ஒட்டிய இடத்தை ஒருநாள் பிய்க்கும்போது பூச்சும் சேர்ந்து உரிந்தால் மெத்தை போய்விட்டது. ஊசியைக் கிட்டக் கொண்டுபோவதைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை.

பெரிய மெத்தை விஷயம் பழைய ஆட்களுக்குத் தெரியும், எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்: அடியில் காற்று தனித்தனி, மேலே துணி ஒன்று. உப்புவெளியில் எனக்குத் தெரிந்த ஒரு சோடி இருக்கிறார்கள். அண்ணன் நல்ல பருமன், அக்கா ஒல்லி. ஆசையாக ஒரே அறையுள்ள பெரிய மெத்தை வாங்கினார்கள். அண்ணன் திரும்பிப் படுத்தால் அவர் பக்கத்துக் காற்று அக்கா பக்கம் பாயும், அக்கா மேலே எழும்புவார். கொஞ்ச நேரத்தில் அவர் பக்கம் உருண்டு வருவார். அண்ணனுக்கு ஏற்ற மாதிரிக் காற்றடித்தால் அக்காவுக்குப் பலகை. அக்காவுக்கு ஏற்ற மாதிரி விட்டால் அண்ணனின் இடுப்பு தரையில் முட்டும். அதை விற்றுவிட்டு இரண்டு தனி மெத்தை எடுத்த பிறகுதான் இரண்டு பேரும் தூங்கினார்கள். உள்ளே இரண்டு தனி அறை, இரண்டு வால்வு என்று வருகிற பெரிய மெத்தையும் உண்டு, அது பரவாயில்லை. ஆனால் கையில் இரண்டு நல்ல மெத்தை இருக்கும்போது எதற்குக் காசு?

அப்ப ஏன் விலகுகிறது? காற்று மெத்தையின் ஓரம் உருண்டை. இரண்டு மூங்கிலை ஒட்டி வைத்தால் மேலே ஒரு வாய்க்கால் விழுமே, அதேதான் நடக்கிறது. புரளும்போது முழங்கையோ இடுப்போ அந்த வாய்க்காலுக்குள் இறங்கி, ஆப்பு அடித்த மாதிரி இரண்டையும் தள்ளிவிடும். கூடாரத்தின் தரைத் துணியும் வழுக்கும். ஆகவே விலகாமல் பிடிக்கவும் வேண்டும், வாய்க்காலை மூடவும் வேண்டும். புத்தகப் பையில் வருகிற மாதிரி கிளிப் வைத்த பட்டியை இரண்டையும் சுற்றிக் கட்டினால் விலகாது, ஆனால் வாய்க்கால் அப்படியே இருக்கும். இறுக்க இறுக்க, பட்டி விழுந்த இடத்தில் மெத்தை மடியவும் செய்யும்.

நான் சொல்வது, ஓரத்தில் இலாஸ்டிக் வைத்த ஒரே விரிப்பு. சந்தைப் பக்கம் எந்தத் தையல்காரரிடமும் கொடுக்கலாம். அளவைக் கவனியுங்கள். சாதாரண மெத்தை 51 செ.மீ. அகலம், 183 செ.மீ. நீளம், 9 செ.மீ. உயரம் என்று வைப்போம். இரண்டும் சேர்ந்தால் 102. இரு பக்கமும் இறங்குவதற்கு 18, அடியில் மடிந்து போவதற்குப் பக்கத்துக்கு 12 வீதம் 24. மொத்தம் 144 செ.மீ. 60 அங்குல அகலத் துணி 152 செ.மீ. வரும், சரியாகப் போதும். 45 அங்குலத் துணி மலிவு என்று வாங்கிவிடாதீர்கள். அகலம் போதாமல் இரண்டு துண்டை நடுவில் மூட்டுவார்கள், அந்தத் தையல் நேரே வாய்க்காலுக்கு மேலே வந்து இறங்கும். நீளத்துக்கு அதே கணக்கில் 225 செ.மீ., இரண்டரை மீற்றர் வாங்குங்கள். பருத்தி சுருங்கும், கழுவிக் காயவைத்த பிறகு வெட்டச் சொல்லுங்கள். நான்கு மூலைக்கும் இலாஸ்டிக். அதோடு அடிப்பக்கத்தில் ஒரு ஓரத்தில் இருந்து மற்ற ஓரத்துக்கு இரண்டு அகல இலாஸ்டிக், ஒன்று தோளுக்கு நேரே, மற்றது முழங்காலுக்கு நேரே. இந்த இரண்டும்தான் மெத்தைகளை ஒன்றாக இழுத்துப் பிடிக்கும். மெத்தையில் முக்கால்வாசிக் காற்று இருக்கும்போது விரிப்பைப் போட்டுவிட்டு மிச்சத்தை அடியுங்கள், துணி தானாக விறைக்கும். அதற்குப் பிறகும் நடுவில் பள்ளம் தெரிந்தால் இடுப்பில் உடுத்தும் ஒரு சாரத்தை நீளவாட்டில் மடித்துத் துணிக்கு அடியில் வையுங்கள். இங்கே கடற்கரையில் என்றால் மெத்தைக்குக் கீழே ஒரு பன்பாய். வழுக்காது, சிப்பி ஓடும் குத்தாது.

கால் பக்கம் ஒடுங்கிப் போகிற மெத்தையாக இருந்தால் இதெல்லாம் அரைகுறைதான். இரண்டும் நீள்சதுரமாக, ஒரே உயரமாக இருக்க வேண்டும். 64 செ.மீ. அகல மெத்தை என்றால் இரண்டும் சேர்ந்து 128. இருவர் கூடாரம் பல 130 செ.மீ. அகலத்தில் வருகிறது, சுவரே பிடித்துக்கொள்ளும். ஆனால் சில கூடாரம் கால் பக்கம் ஒடுங்கும். வாங்குமுன் அந்தப் பக்கத்தையும் அளந்து பாருங்கள்.

உண்மையில் என்னிடம் யாராவது கேட்க மாட்டார்களா என்று நான் காத்திருப்பது வேறு கேள்வி: மெத்தைக்குள் எவ்வளவு காற்று? எல்லோரும் கல்லு மாதிரி அடிக்கிறார்கள். அப்படி அடித்தால் ஓரம் இன்னும் உருண்டையாகும், வாய்க்கால் இன்னும் ஆழமாகும். முதலில் நிறைய அடியுங்கள். பிறகு பக்கவாட்டில் படுத்துக்கொண்டு வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து விடுங்கள். இடுப்புக்குக் கீழே தரைக்கு இரண்டு மூன்று செ.மீ. மிச்சம் இருக்கும்போது மூடிவிடுங்கள். பாரமான ஆளுக்குக் கூடக் காற்று நிற்கும், மெலிந்தவருக்குக் குறைய. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் படுத்திருந்து செய்ய வேண்டும். படுத்த பிறகு இரண்டு மெத்தையும் ஒரே மட்டத்துக்கு வந்தால் நடுப்பள்ளம் பாதி அங்கேயே தீர்ந்துவிடும். திரும்பவும் சொல்கிறேன், அடியில் காற்று தனித்தனியாக இருந்தால்தான் இது முடியும்.

ஹோட்டன் சமவெளி வேறு கதை. கடல் மட்டத்தில் இருந்து 2100 மீற்றருக்கு மேலே, ஜனவரி விடியலில் புல்லில் உறைபனி பார்க்கலாம். அங்கே அந்த வாய்க்கால் வழியாகத்தான் குளிர் ஏறும், மடித்த சாரம் கட்டாயம். மெத்தையில் ஆர் மதிப்பு என்று ஒரு எண் இருக்கும், குளிரை எவ்வளவு தடுக்கும் என்பதன் அளவு. ஏ.எஸ்.ரி.எம். எஃப் 3340 என்ற பொது முறை 2018 இல் வந்த பிறகு அந்த முறையில் சோதித்த எண்களை ஒன்றோடொன்று ஒப்பிடலாம். ஒன்றுக்குமேல் ஒன்றாக அடுக்கினால் இரண்டு எண்ணும் கூடும். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எண் கூடுவதில்லை. நிலாவெளிக்கு எடுத்த, ஆர் மதிப்பு வெறும் 1 உள்ள மெத்தையை வைத்துக்கொண்டு அங்கே போகாதீர்கள்.

அப்புறம், அங்கே மாலை 20 பாகையில் அடித்த காற்று விடியற்காலம் 5 பாகையில் நூற்றுக்கு ஐந்து பங்கு சுருங்கும். ஓட்டை என்று பதறவேண்டாம், படுக்குமுன் இன்னும் கொஞ்சம் அடித்துக்கொள்ளுங்கள். நம்முடைய ஊரில் இதற்குத் தலைகீழ். கச்சான் என்கிற வெக்கைக் காற்று வீசுகிற மாதங்களில் பகலில் கூடாரத்துக்குள் வெயில் ஏறினால் மெத்தை விம்மி உள் ஒட்டு விட்டுவிடும். காலையில் எழும்பியதும் இரண்டு வால்வையும் திறந்துவிட்டுப் போங்கள்.