இரண்டு கரண்டி மருந்து, 15 கிலோமீட்டர் ஆறு! தூண்டில்காரர்கள் கண்டுபிடித்தது எப்படி?

(திரையில்: மேசைமேல் ஒரு கரண்டி. பக்கத்தில் இன்னொன்று.)

இவ்வளவுதாங்க. இரண்டு மேசைக்கரண்டி. தாளிக்க எண்ணெய் ஊற்றுவோமே, அந்த அளவு.

2013 ஜூலையில் இங்கிலாந்தில் கென்னட் என்ற ஆற்றில் இவ்வளவு பூச்சிமருந்து கலந்திருக்கும் என்று கணக்குப் போட்டார்கள். சுமார் 15 கிலோமீட்டர் தூரத்துக்கு ஆற்றின் அடியில் இருந்த பூச்சிகள் காலி. மருந்தின் பெயர் குளோர்பைரிபாஸ். எங்கேயோ கேட்ட பெயராக இருக்குமே? தோட்டம் காடு வைத்திருக்கிற வீட்டில் பிறந்தவர்களுக்குக் கட்டாயம் தெரியும். கரையானுக்கு அடிக்கிற சரக்கு.

ஆனால் இந்த வீடியோ மருந்தைப் பற்றி இல்லை. தண்ணீருக்கு நிறம் மாறவில்லை, நாற்றம் இல்லை. கரையில் நின்று பார்த்தால் நல்ல ஆறுதான். அப்புறம் யார் கண்டுபிடித்தது? அதிகாரிகளா, ஆய்வகமா? இல்லை. மாதாமாதம் ஆற்றில் இறங்கிப் பூச்சி எண்ணிக்கொண்டிருந்த ஊர்க்காரர்கள். சம்பளம் கிடையாது. சும்மா வருகிறவர்கள்.

பூச்சி எண்ணுகிறார்களா என்று சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு வாங்க. நானும் சிரித்தவன்தான்.

பின்னணியை வேகமாக முடித்துவிடுகிறேன், இல்லாவிட்டால் தள்ளிவிட்டுப் போய்விடுவீர்கள். டிரவுட் என்று ஒரு மீன். குளிர்ந்த, சுத்தமான, ஓடுகிற தண்ணீர் வேண்டும். கூழாங்கல்லுக்கு நடுவே முட்டை இடும்; வண்டல் வந்து மூடினால் முட்டைக்கு மூச்சு முட்டிவிடும். ஆகவே டிரவுட் பிடிக்கிற ஆசை உள்ளவன் ஆற்றைப் பார்த்துக்கொண்டே ஆக வேண்டும். 1959-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு ஆற்றங்கரையில் கூடிய சில தூண்டில்காரர்கள் ஆரம்பித்ததுதான் டிரவுட் அன்லிமிடெட். இன்று அங்கே பெரிய ஆற்றுப் பாதுகாப்பு அமைப்புகளில் அதுவும் ஒன்று. பின்னணி முடிந்தது.

இதற்கும் கோயம்புத்தூருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இருக்குதுங்க. வெள்ளைக்காரன் விளையாட்டுக்குப் பிடிக்க டிரவுட்டை நீலகிரிக்குக் கொண்டுவந்தான். 1907-ல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகமே வைத்தார்கள். அந்த மலைத் தண்ணீர் குந்தா ஆறாகி, பில்லூரில் பவானியோடு சேருகிறது. பில்லூர்த் தண்ணீர் எங்கே வருகிறது? நம் வீட்டுக் குழாய்க்கு. குடத்தில் பிடிக்கிறோமே, அதில் கொஞ்சம் டிரவுட் நீந்திய தண்ணீர். அதைக் குடித்துவிட்டுத்தான் இந்த வீடியோ எடுக்கிறேன்.

சரி, பூச்சிக்கு வருவோம். எனக்குப் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

(திரையில்: வலையும் ஒரு ஜோடி கம்பூட்டும்.)

இங்கிலாந்தில் தூண்டில்காரர்கள் செய்கிற வேலை இது. கைப்பிடி வைத்த வலையைத் தண்ணீர் ஓட்டத்துக்கு எதிராகப் பிடிக்க வேண்டும். வலைக்கு முன்னால், தண்ணீர் வருகிற பக்கம் நின்று, காலால் ஆற்றின் அடியைக் கிளற வேண்டும். மூன்று நிமிடம், கடிகாரம் வைத்து. அப்புறம் ஒரு நிமிடம் கல்லைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்க்க வேண்டும். வலையில் விழுந்ததை வெள்ளைத் தட்டில் கொட்டி, எட்டு வகைப் பூச்சிகளை மட்டும் தேட வேண்டும்.

எண்ணுவதும் சிரமமில்லை. ஒரு வகையில் ஒன்றிலிருந்து ஒன்பது வரை இருந்தால் அந்த வகைக்கு ஒரு மதிப்பெண். பத்திலிருந்து தொண்ணூற்றொன்பது என்றால் இரண்டு. நூறைத் தாண்டினால் மூன்று, ஆயிரத்தைத் தாண்டினால் நான்கு. கூட்டுத்தொகை அந்த இடத்துக்கென்று வைத்திருக்கிற அளவுக்குக் கீழே போனால், சுற்றுச்சூழல் துறைக்குத் தகவல் போகும். அவர்கள் வந்து பார்க்க வேண்டும். கென்னட்டில் மணி அடித்தது இப்படித்தான்.

தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினால் போதாதா? அதில் தெரிவது நீங்கள் பிடித்த அந்த நிமிடத்துத் தண்ணீர். ராத்திரி இரண்டு மணிக்கு ஒருவன் கழிவைத் திறந்துவிட்டான், விடிவதற்குள் அடித்துக்கொண்டு போய்விட்டது என்றால், காலையில் பிடித்த பாட்டிலுக்கு என்ன தெரியும்? பூச்சி அப்படியில்லை. மாசக்கணக்கில் அதே கல்லுக்கடியில் குடியிருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கும் அங்கேதான் இருந்தது. மளிகைக் கடைக்காரர் தெருவில் யார் வந்தார் போனார் என்று சொல்வாரே, அந்த மாதிரி சாட்சி.

நாங்கள் ஐந்து பேர் இதை நொய்யலில் செய்து பார்த்தோம். மழை நின்று தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆலாந்துறைப் பக்கம். வனத்துறை எல்லைக்குள் போகவில்லை, நீங்களும் அனுமதி இல்லாமல் போகாதீர்கள். வலை, கொசுவலைத் துணியில் தைத்தது. தட்டு, வீட்டில் மாவு சலிக்க வைத்திருந்த பிளாஸ்டிக் ட்ரே. அம்மாவுக்கு இன்னும் தெரியாது. இந்த வீடியோவைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

தட்டில் கொட்டியதும் முதலில் வெறும் மண்ணும் சருகும்தான். ஒரு நிமிடம் அசையாமல் பார்த்தால் மண் நகர ஆரம்பிக்கிறது. மேஃபிளை என்ற பறக்கிற பூச்சியின் குஞ்சு, மூன்று வாலோடு, பக்கவாட்டில் செவுளை விசிறிக்கொண்டு. ஒரு தட்டான் குஞ்சு, ரவுடி மாதிரி. அப்புறம் ஒரு மணல் குச்சி. தானாக நடக்கிற மணல் குச்சி!

அதுதான் கேடிஸ் புழு. வாயிலிருந்து பட்டு இழை விட்டு, மணல்பரல்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒட்டி, தன்னைச் சுற்றி ஒரு குழாய் வீடு கட்டிக்கொள்கிறது. சிமென்ட் இல்லை, மேஸ்திரி இல்லை, பிளான் அப்ரூவல் இல்லை. பரல்கள் ஒன்றோடொன்று அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியிருந்தன. எங்கள் வீட்டு மொட்டை மாடி இரண்டு மழைக்கே ஒழுகுகிறது, அந்த வயிற்றெரிச்சலில் சொல்கிறேன்.

கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் வந்து எட்டிப் பார்த்தார். “ஏனுங் தம்பி, என்னத்தத் தேடறீங்க?” என்றார். “புழுங்கய்யா” என்றோம். “அதுக்கு ஆத்துக்கு வரோணுமா? எங்கூட்டு ராயி மாவுலயே கெடக்குது” என்றுவிட்டுப் போய்விட்டார். ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்து, மணல் குச்சியை மறுபடி காட்டச் சொன்னார்.

மதியம் ஆற்றோடு கீழே, நகரத்தைத் தாண்டி, சூலூர்ப் பக்கம் போனோம். அதே ஆறு. அதே வலை, அதே மூன்று நிமிடம். மேஃபிளை இல்லை. கேடிஸ் இல்லை. தட்டு முழுக்கச் செக்கச்செவேலென்று நெளிகிற புழுக்கள். மீன்தொட்டிக் கடையில் ரத்தப்புழு என்று விற்பார்களே, அதுதான். நம் ரத்தத்தில் இருக்கிற ஹீமோகுளோபின் அதன் உடம்பிலும் இருப்பதால் அந்தச் சிவப்பு. ஆக்சிஜன் குறைந்த சாக்கடைத் தண்ணீரிலும் அதை வைத்துப் பிழைத்துக்கொள்கிறது. மற்றதெல்லாம் செத்த இடத்தில் அது மட்டும் மாநாடு போடுகிறது.

(திருப்பூர்ச் சாயக்கழிவு, ஒரத்துப்பாளையம் அணை, 2011 உயர் நீதிமன்ற உத்தரவு: இதெல்லாம் தனி வீடியோ. கேட்டால் போடுகிறேன்.)

ஒன்று ஒத்துக்கொள்கிறேன். அந்த எட்டு வகை, அந்த மதிப்பெண் எல்லாம் இங்கிலாந்து ஆற்றுக்குப் போட்டது, அப்படியே நொய்யலுக்குப் பொருந்தாது. ஆனால் பூச்சியை வைத்து ஆற்றை மதிப்பிடுகிற முறை நம் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடமும் இருக்கிறது. மேலே இருந்த கூட்டம் கீழே எங்கே போனது என்று கேட்க அதுகூட வேண்டாம், இரண்டு தட்டு போதும்.

டிரவுட்டை மட்டும் பேசிவிட்டு நம் மீனை விட்டால் நியாயமில்லை. காங்கேயம் காளைக்குத் திமில் இருக்கும். காவிரியில் ஒரு மீனுக்கும் திமில் உண்டு. திமில் மஹசீர், கெண்டைக் குடும்பத்து மீன், 50 கிலோவுக்கு மேலும் வளரும். 2007-ல் பாம்பாற்றில் கிடைத்த மஹசீர் ஒன்றுக்கு மீனியல் ஆய்வாளர் ரெமா தேவியின் பெயரால் டோர் ரெமாதேவி என்று பெயர் வைத்தார்கள். பாம்பாறு எங்கே போகிறது? நம் அமராவதிக்கு. காவிரியின் திமில் மீனும் அதுவும் ஒரே இனம் என்று 2018-ல்தான் தெரிந்தது. அதே ஆண்டு, அழிவின் விளிம்பில் இருக்கிற இனம் என்றும் பட்டியலில் ஏறியது.

அது குறைந்துகொண்டு வந்தது எப்படித் தெரிந்தது என்பதுதான் எனக்குப் பிடித்தது. கர்நாடகக் காவிரியில் மீனைப் பிடித்து, எடை பார்த்து, திரும்ப விட்டுவிடுகிற தூண்டில்காரர்கள் முகாமில் குறிப்பேடு வைத்திருந்தார்கள். 1998 முதல் 2012 வரை எழுதியதை ஆய்வாளர்கள் புரட்டினால், திமில் மீன் பக்கத்துக்குப் பக்கம் குறைகிறது. வேறொரு மஹசீர் ஏறுகிறது. அந்த வேறொன்று நல்லெண்ணத்தில் வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட இனம். மீனைக் காப்பாற்ற மீன் விட்டார்கள், அது வீட்டுக்காரனையே வெளியே தள்ளிவிட்டது.

அதனால்தான் குளத்தில் மீன்குஞ்சு விடுகிற விழா என்றால் எனக்குப் பக்கென்கிறது. நம் குளங்களில் ஏற்கெனவே வெளியிலிருந்து வந்த ஜிலேபி மீன்தான் ராஜ்யம் நடத்துகிறது.

கோயம்புத்தூரில் ஞாயிற்றுக்கிழமை குளக்கரைக்குப் போய்ப் பாருங்கள், ஆகாயத்தாமரையை இழுத்துப் போட ஆள் வருகிறது. கும்பிடத் தோன்றும். நானும் போயிருக்கிறேன், இடுப்பு பிடித்துக்கொண்டு வந்திருக்கிறேன். ஆனால் எனக்குத் தெரிந்த வட்டத்தில் அள்ளுவதற்கு நூறு பேர், எழுதி வைப்பதற்கு ஒருவரும் இல்லை. அள்ளிய குப்பை அடுத்த மழைக்குத் திரும்பி வரும். “போன ஐப்பசியில் இருந்த பூச்சி இந்த ஐப்பசியில் இல்லை” என்று தேதி போட்டு எழுதிய தாளை நீட்டினால், புகார் வாங்குகிற அதிகாரியால் சும்மா தலையாட்டி அனுப்ப முடியாது.

உங்கள் ஊர் ஆறு, வாய்க்கால், பள்ளம், எதுவானாலும் சரி. மாதம் ஒருமுறை, ஒரே இடம், மூன்று நிமிடம். கம்பூட் கட்டாயம், சாக்கடை கலக்கிற இடத்தில் கையுறையும் வேண்டும். வேறு ஆற்றுக்குப் போவதற்கு முன் வலையைக் கழுவி வெயிலில் காய வையுங்கள், இங்கிருக்கிற வேண்டாததை அங்கே கொண்டுபோகக் கூடாது. எண்ணி முடித்ததும் பூச்சிகளை அதே இடத்தில் விட்டுவிடுங்கள், மணல் வீட்டுக்காரரை முதலில்.

அப்புறம், பென்சிலால் எழுதுங்கள். நாங்கள் ஆலாந்துறையில் பேனாவால் எழுதிய முதல் பக்கம் நனைந்து, மேஃபிளை பதினேழா எழுபதா என்று இன்றைக்கும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்.