பந்துக்கு முன்னே திரும்பிய கழுத்து: ஹொமாரே சவாவின் 22 ஆண்டுகள்

அனைவருக்கும் வணக்கம். பந்தாடும் பிள்ளைகள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு கேள்வி. பாஸ் உங்கள் காலுக்கு வந்து சேர்வதற்குள் எத்தனை முறை தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கிறீர்கள்? ஒரு முறைகூட இல்லை என்றால், நடுக்களத்தில் நீங்கள் இன்னும் ஆடவே தொடங்கவில்லை. நடுக்கள ஆட்டத்தில் முதலில் வேலை செய்வது கழுத்து. காலுக்கு வேலை அதற்குப் பிறகுதான். இதற்கு ஜப்பானின் ஹொமாரே சவாவைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

1978-இல் டோக்கியோவை அடுத்த ஃபுச்சு நகரில் பிறந்தவர். 12 வயதிலேயே பெலேசா கிளப்பில் சேர்ந்தார். 15 வயதில், 1993 டிசம்பரில், ஜப்பான் அணிக்காக முதல் ஆட்டம். எதிரணி பிலிப்பைன்ஸ், அன்றே 4 கோல். 2015-இல் விடைபெறும்போது கணக்கு 205 ஆட்டம், 83 கோல், 6 உலகக் கோப்பை. எண்கள் பெரியவைதான். ஆனால் அவர் ஆடிய காலத்தில் அவர் நின்ற தரையே பலமுறை சரிந்தது என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

90-களில் ஜப்பான் மகளிர் லீக்கைத் தாங்கியவை பெரிய நிறுவனங்கள். பொருளாதாரம் விழுந்ததும் அவை ஒவ்வொன்றாகக் கையை விரித்தன. பட்டம் வென்ற அணிகூட கலைக்கப்பட்டது. 1996 ஒலிம்பிக்கில் மூன்று ஆட்டங்களிலும் தோல்வி. 2000 சிட்னி ஒலிம்பிக்குக்கு ஜப்பான் தகுதியே பெறவில்லை. சவா 1999-இல் அமெரிக்கா போனார். அங்கே 2001-இல் 8 அணிகளோடு தொழில்முறை லீக் தொடங்கியது, அட்லாண்டா பீட் அணியில் சேர்ந்தார். மூன்றே பருவங்கள். 2003 செப்டம்பரில் அந்த லீக்கும் மூடப்பட்டது. 2009-இல் வேறொரு லீக் பிறந்தபோது வாஷிங்டன் ஃப்ரீடம் அணிக்காகத் திரும்பிப் போனார். அதுவும் 2012-இல் முடிந்தது. ஒரு பெண் ஆட்டக்காரி தன் திறமையை மட்டும் காப்பாற்றினால் போதாது, ஆடுவதற்கு ஒரு களம் கிடைக்கிறதா என்றும் தேடிக்கொண்டே இருக்க வேண்டும். இந்த அநியாயத்தை நாம் சாதாரணமாகக் கடந்து போகக் கூடாது.

இடையில் ஒரு நாளைச் சொல்லியாக வேண்டும். 2004 ஏப்ரல் 24, டோக்கியோ தேசிய அரங்கம், ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் வட கொரியாவுடன் ஆட்டம். பார்க்க வந்தவர்கள் 31,324 பேர். முழங்கால் காயத்தோடு இறங்கினார் சவா. ஜப்பான் 3-0 என்று வென்றது. அந்த அணி தோற்றிருந்தால் ஜப்பானில் மகளிர் கால்பந்து எந்த நிலைக்குப் போயிருக்கும் என்று நினைக்கவே அச்சமாக இருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். 2008-இல் நோரியோ சசாகி பயிற்சியாளராக வந்தார். அதுவரை முன்னோக்கி ஆடிய சவாவை, தடுப்பு வரிசைக்கு முன்னால் நிற்கும் இருவரில் ஒருவராக இறக்கினார். இன்னொருவர் மிசுஹோ சகாகுச்சி. சவாவுக்கு அப்போது 29 வயது. முன்னே ஆடும்போது பந்தை எதிரணிக் கோலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் வாங்க வேண்டும். பின்னே இறங்கினால் ஆட்டம் முழுவதும் கண்முன்னே விரிகிறது. கால் வேகம் குறையும் வயதில், படித்தறியும் திறமைக்கு அந்த இடம்தான் சரியான கூலி கொடுக்கும்.

பாஸை இடையில் அறுப்பது எப்படி? இந்தப் பலகையைப் பாருங்கள். குறி வைத்த எதிராளியை ஒட்டி நிற்காதீர்கள். ஒட்டி நின்றால் அவளுக்குப் பந்தே கொடுக்க மாட்டார்கள், நீங்கள் அறுக்கவும் எதுவும் இருக்காது. இரண்டு எட்டு தள்ளி, பாஸ் வரும் பக்கமாக, பாதி திரும்பிய உடம்போடு நில்லுங்கள். அவள் தனியாக இருப்பதுபோல் தெரிய வேண்டும். பந்தை வைத்திருப்பவளின் தலை எப்போது குனிகிறதோ அப்போது கிளம்புங்கள். தலை குனிந்தால் உதைக்கப் போகிறாள் என்று பொருள், இனி அவளால் முடிவை மாற்ற முடியாது. அதற்கு முன் கிளம்பினால் உங்களைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் கொடுத்துவிடுவாள். பிந்தினால் காலை வாரி ஃபவுல் ஆகும். அடுத்து, பந்தைத் தொடும் முதல் தொடுகையிலேயே நெரிசலுக்கு வெளியே தள்ளிவிட வேண்டும். பறித்த பந்தை அங்கேயே இழப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். ஏனென்றால், பந்து நமதாகிவிட்டது என்று நம்பி நம் அணி அதற்குள் விரிந்திருக்கும்.

இன்னொரு தவறு இருவர் சேர்ந்து செய்வது. நடுவில் நிற்கும் இருவரும் ஒரே நேரத்தில் பந்தை நோக்கி ஓடினால், பின்னால் தடுப்பு வரிசைக்கு முன் ஒரு திடலே காலியாகிவிடும். ஒருவர் போனால் மற்றவர் பின்வாங்கி மூலைவிட்டமாக நிற்க வேண்டும். சவாவும் சகாகுச்சியும் இதை மாறி மாறிச் செய்ததைப் பழைய ஒளிப்பதிவுகளில் பாருங்கள். பந்தைப் பார்க்காதீர்கள், இவர்கள் இருவரை மட்டும் பாருங்கள்.

இந்த இடத்திலிருந்து ஆடித்தான் 2011 உலகக் கோப்பையில் 5 கோல் அடித்து, அதிக கோலுக்கான விருதையும் சிறந்த ஆட்டக்காரிக்கான விருதையும் சேர்த்து வாங்கினார். பின்னிருந்து தாமதமாக வருபவரைக் குறிவைக்க ஆள் இருக்காது என்பது ஒரு காரணம். மெக்சிகோவுக்கு எதிராக மூன்று கோல். காலிறுதியில், சொந்த மண்ணில் ஆடிய ஜெர்மனியை வீழ்த்திய 108-வது நிமிடக் கோலை அடித்தவர் கரினா மருயாமா. தடுப்புக்குப் பின்னால் அந்தப் பந்தைப் போட்டுக் கொடுத்தவர் சவா.

2011 ஜூலை 17, பிராங்க்ஃபர்ட், இறுதி ஆட்டம். அமெரிக்கா 2, ஜப்பான் 1. 104-வது நிமிடத்தில் தலையால் அடித்து முன்னிலை தந்தவர் அபி வாம்பாக், வாஷிங்டனில் சவாவோடு ஒரே அணியில் ஆடியவர். கூடுதல் நேரத்தில் மூன்று நிமிடம்தான் பாக்கி. கார்னர், அதாவது மூலைக் கொடியருகிலிருந்து உதைக்கும் வாய்ப்பு, கிடைக்கிறது. எடுப்பவர் ஆயா மியாமா. கொடியிலிருந்து கோலின் அருகிலுள்ள கம்பத்துக்குச் சுமார் 30 மீட்டர், பந்து வர ஒன்றரை நொடி ஆகும். உயரமான அமெரிக்கத் தடுப்பாளர்களோடு நடுவில் குதித்து ஜெயிக்க முடியாது. அதனால் அருகிலுள்ள கம்பத்துக்கு, தாழ்வாக. சவா கடைசி நொடியில் பின்னாலிருந்து வெட்டி ஓடி எல்லாருக்கும் முன்னால் வந்துவிட்டார். கோலுக்கு முதுகு காட்டியபடி, பந்து தரையைத் தொடுமுன் வலது பாதத்தின் வெளிப்புறத்தால் ஒரு தட்டு. உதைக்கவில்லை. பந்தின் வேகத்தை அப்படியே வைத்துக்கொண்டு திசையை மட்டும் திருப்பினார். அத்தனை பேருக்கு நடுவில் கோல்கீப்பருக்குப் பந்து தெரிய வழியே இல்லை. 2-2. பெனால்டியில் 3-1 என்று ஜப்பான் கோப்பையை வென்றது.

இதைப் பழகும்போது இரண்டு பிழைகள் வரும். ஓட்டத்தைச் சீக்கிரம் தொடங்கினால் கம்பத்தடியில் போய் நின்று காத்திருப்பீர்கள், தடுப்பாளர் உங்கள் முன்னால் வந்துவிடுவார். காலை வீசினால் பந்து மேலே பறக்கும். கணுக்காலை இறுக்கி, பாதத்தை நிறுத்தி வையுங்கள், வந்து பட்டாலே போதும். மெதுவாக வீசிய பந்தில் 20, பிறகு முழு வேகத்தில் 20 என்று வாரம் இரண்டு நாள் செய்யுங்கள்.

அந்த ஆண்டு உலகின் சிறந்த வீராங்கனை விருது சவாவுக்கு. ஆசியாவிலிருந்து அதைப் பெற்ற முதல் பெண் அவர்தான். அடுத்த மார்ச்சிலேயே தலைச்சுற்றல் நோய் வந்தது. உட்காதில் இருக்கும் நுண்ணிய சுண்ணப் படிகங்கள் இடம்பெயர்ந்து அரைவட்டக் குழாய்க்குள் போனால், தலையைத் திருப்பும்போதெல்லாம் உலகமே சுழலும். உயிருக்கு ஆபத்தில்லாத நோய்தான். ஆனால் கழுத்தைத் திருப்புவதே தொழிலாக இருக்கும் ஒருவருக்கு அது எப்படிப்பட்ட அடி என்று எண்ணிப் பாருங்கள்! சில மாதங்களில் மீண்டு வந்து, அதே ஆகஸ்டில் லண்டன் வெம்ப்ளியில் 80,203 பேர் முன்னிலையில் ஒலிம்பிக் இறுதியில் ஆடினார். அமெரிக்காவிடம் 2-1 என்று தோல்வி, வெள்ளிப் பதக்கம்.

2015 உலகக் கோப்பை இறுதியில் 33-வது நிமிடத்தில் மாற்று ஆட்டக்காரியாக இறங்கினார். அதற்குள் ஆட்டம் கைமீறிப் போயிருந்தது, முடிவில் அமெரிக்காவிடம் 5-2 என்று தோல்வி. அந்த டிசம்பரில் ஓய்வை அறிவித்தார். கடைசி ஆட்டம் டிசம்பர் 27, ஜப்பான் மகளிர் கோப்பை இறுதி, ஐநாக் கோபே அணிக்காக நீகாட்டாவை எதிர்த்து. 78-வது நிமிடம் வரை கோல் இல்லை. ஒரு கார்னர் வந்தது. 37 வயது சவா பின்னிருந்து ஓடிவந்து தலையால் அடித்தார். 1-0.