நுரையைத் தின்ன ஆள் வேண்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

புதிதாகக் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் ஓடத் தொடங்கும் முதல் வாரம், காற்று ஊதும் தொட்டியில் வெள்ளை வெளேரென்று நுரை பொங்கும். சில இடங்களில் தொட்டியைத் தாண்டி நடைபாதை வரைக்கும் வந்துவிடும். குடியிருப்போர் பதறிப்போய் போன் செய்வார்கள். 22 வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன், அவர்களுக்கு நான் சொல்லும் பதில் ஒன்றுதான்: "கொஞ்சம் பொறுங்க, இன்னும் ஆள் சேரலை."

ஆள் என்றால் பாக்டீரியா. நன்றாக ஓடும் வேறொரு நிலையத்திலிருந்து ஒரு லாரி சேற்றைக் கொண்டுவந்து ஊற்றுவோம். அது கிடைக்காவிட்டால் மாட்டுச் சாணத்தைக் கரைத்து விடுவதும் உண்டு. சில வாரங்களில் தண்ணீர் காபி நிறத்துக்கு வரும், நாற்றம் போய் ஈரமண் வாசனை அடிக்கும். ஒருநாள் காலையில் போய்ப் பார்த்தால் நுரை அடங்கியிருக்கும். வீடுகளில் யாரும் துணி துவைப்பதை நிறுத்தவில்லை. சோப்புத்தூள் அதே அளவு வந்துகொண்டுதான் இருக்கிறது. அதைத் தின்ன ஆள் சேர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

எப்படித் தின்கிறது? சோப்புத்தூளில் அழுக்கெடுக்கும் முக்கியமான பொருளை எல்.ஏ.எஸ். என்போம். அதற்கு ஒரு தலை, ஒரு நீண்ட வால். தலை தண்ணீரோடு ஒட்டும், வால் எண்ணெய்ப் பிசுக்கோடு ஒட்டும். வாலில் சாதாரணமாக 10 முதல் 13 கார்பன் அணுக்கள். பாக்டீரியா வால் நுனியில் வாய் வைத்து, இரண்டிரண்டு கார்பனாகக் கத்தரித்துக்கொண்டே வரும். வால் குறைந்ததும் நுரைக்கும் சக்தி போய்விடும். அப்புறம் தலையில் உள்ள வளையமும் உடைந்து, கடைசியில் கார்பன் டை ஆக்சைடு, தண்ணீர், சல்பேட் என்று முடியும்.

இந்த வால் எப்போதும் இப்படி நேராக இருக்கவில்லை. 1950களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விற்ற தூளில் அது கிளைகிளையாகப் பிரிந்திருந்தது. கிளை வரும் இடத்தில் பாக்டீரியாவின் கத்தரி ஓடாது. ஆறுகளின் மதகுகளில் நுரை மலைபோலக் குவிந்தது. மேற்கு ஜெர்மனி 1961இல் சட்டம் போட்டது. குறைந்தது 80 சதவீதம் சிதைய வேண்டும் என்ற விதி 1964இல் நடைமுறைக்கு வந்தது. 1965இல் அமெரிக்க நிறுவனங்களும் நேர்வாலுக்கு மாறின. துவைத்தவர்களுக்கு வித்தியாசமே தெரியவில்லை. ஆறுகளில் நுரை குறைந்தது.

நுரை அடங்கினால் எல்லாம் தீர்ந்தது என்றும் சொல்ல முடியாது. நானைல்ஃபீனால் வகை அழுக்குநீக்கிகளைப் பாக்டீரியா பாதி தின்றுவிட்டு விட்டுவிடும். அந்த மிச்சம் முழுப்பொருளைவிடக் கெடுதல், மீன்களின் ஹார்மோனைக் குழப்பும். ஐரோப்பிய ஒன்றியம் 2005 முதல் அதற்குக் கட்டுப்பாடு விதித்திருக்கிறது.

சரி, வால் இப்போது நேராகத்தானே இருக்கிறது, பிறகு ஏன் ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் தென்பெண்ணை நுரைத்துக்கொண்டு வருகிறது? 2019இல் மெரினா கரையில் பிள்ளைகள் விளையாடிய அந்த நுரை எங்கிருந்து வந்தது? தொழிற்சாலைக் கழிவுக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் எனக்கு மனசு ஆறாத விஷயம் வேறு. எல்.ஏ.எஸ்.ஸைத் தின்னும் பாக்டீரியாவுக்குக் காற்று வேண்டும். சாக்கடை தேங்கிக் கறுத்துப்போன நீரில் ஆக்சிஜன் கிடையாது; அங்கே எல்.ஏ.எஸ். சிதையாமல் அப்படியே கிடக்கும். அந்த நீர் மதகிலிருந்து விழுந்து அடிபடும்போது நுரை கிளம்பும்.

இதே தவறு நம் குடியிருப்புகளிலும் நடக்கிறது. மின்கட்டணம் கூடுகிறது என்று தொட்டிக்குக் காற்று ஊதும் புளோயரை ராத்திரியில் நிறுத்திவிடுகிறார்கள். தொட்டிக்குள் பாக்டீரியா மூச்சுமுட்டிக் கிடக்கிறது, வீடுகளிலிருந்து வரும் சோப்புத் தண்ணீர் நிற்பதில்லை. உங்கள் குடியிருப்பில் இப்படி ஒரு நிலையம் இருந்தால், இன்று ராத்திரி பதினோரு மணிக்குக் கீழே இறங்கிப் போய் புளோயர் சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள். கேட்காவிட்டால் காலையில் சங்கத்தில் பேசுங்கள்.

வணக்கம்.