பலகாரம் குடுத்து உண்மையை வாங்குற ஆண்ட்டிங்க

வணக்கம் நேயர்களே. பாதிப் பேரு இப்போ அடுப்படியில நிப்பீங்க, கையை அங்கயே வச்சிக்கிட்டு காதை மட்டும் இங்க குடுங்க போதும்.

நான் ரொம்ப வருஷமா நம்ம சிங்கப்பூர் எம்ஆர்டி ரயில்ல உக்காந்து படிக்கிறது ஒரே வகைக் கதைதான், கோஸி மிஸ்டரின்னு சொல்லுவாங்க. கொலை நடக்கும், ஆனா ரத்தம் நம்ம கண்ணுல படாது. சின்ன ஊரு, துப்பறியறது போலீஸ் இல்ல, பேக்கரி வச்சிருக்கிற அக்கா, இல்லன்னா கேட்டரிங் பண்ற அம்மா. கூடவே சமையல் குறிப்பும் இருக்கும். "பொணம் கெடக்குற கதையில கேக் எதுக்கு?"ன்னு எங்க வீட்டுக்காரர் இன்னைக்கும் கேக்குறாரு.

எதுக்குன்னா, போலீஸ் கேட்டா வாயைத் தொறக்காதவங்க, தட்டுல எதையாவது வச்சா பேசிடுவாங்க. அவ்ளோதான். அகதா கிறிஸ்டியோட மிஸ் மார்ப்பிள், 1930லயே தன்னோட முதல் நாவல்ல வந்துட்டாங்க, பின்னல் ஊசியும் ஊர்வம்புமா உக்காந்தே கண்டுபிடிப்பாங்க. 2000ல ஜோவான் ஃப்ளூக் எழுதின ஹானா, மினசோட்டாவுல லேக் ஈடன்னு ஒரு கற்பனை ஊர்ல குக்கீ கடை வச்சிருக்கிறவங்க. நம்ம ஊர்லயும் உண்டு, ஓவிடியா யூ 2013ல கொண்டு வந்த ஆண்ட்டி லீ, பெரானக்கான், அதாவது சீன மலாய் கலந்த சாப்பாட்டுக் கடைக்காரம்மா. இந்த மாதிரிக் கதைங்களுக்கு அமெரிக்காவுல அகதா விருதுன்னு ஒண்ணு இருக்கு, பரிசா என்ன தர்றாங்க தெரியுமா, ஒரு டீ பாட்!

நானும் ஒரு கேஸ் பாத்திருக்கேன். சிரிக்காதீங்க. எங்க காரிடார்ல தொட்டியில கறிவேப்பிலைச் செடி. வாரா வாரம் ரெண்டு கொத்து காணாம போகும். பிச்சிருந்தா பரவாயில்ல, கத்தரிக்கோல் வச்சி அழகா சாய்வா வெட்டியிருக்கு, அப்போ ஆளு நிதானமான ஆளு. சரின்னு ஒரு சனிக்கிழமை உளுந்து வடை சுட்டு மாடி முழுக்கக் குடுத்தேன், வடை தின்னுக்கிட்டே எல்லாரும் எல்லாரப் பத்தியும் சொன்னாங்க, யாரு வீட்டு மருமக சண்டை போட்டா வரைக்கும் தெரிஞ்சிடுச்சி, கறிவேப்பிலை மட்டும் தெரியல. அப்புறம் எங்க வீட்டு ஃப்ரிட்ஜைத் தொறந்தா, நமக்குச் சொந்தமில்லாத பச்சை மூடி டப்பா, உள்ள சேமியா பாயாசம். நம்ம பழக்கம் உங்களுக்கே தெரியும், வாங்கின பாத்திரத்த வெறுமனே திருப்பிக் குடுக்கமாட்டோம்ல? அப்போ இங்கேருந்து ஏதோ அங்க போயிருக்கு! டப்பாவைத் தூக்கிக்கிட்டுப் போயி எங்க மாமியார் முன்னாடி வச்சேன். "ஒம்பதாவது மாடி அக்காவுக்குத்தாம்மா, பாவம், கடையில வாங்கினா வாசனையே இல்லையாம்"னு சொல்லிட்டு, தலகாணிக்கு அடியிலேருந்து கத்தரிக்கோலை எடுத்துக் குடுத்தாங்க. நான் ஊரையே சந்தேகப்பட்டேன், அவங்க பக்கம் மட்டும் திரும்பவே இல்ல.

இன்னொண்ணு, அந்தக் கதைப் புத்தகங்கள்ல வர்ற சமையல் குறிப்புங்கள அப்படியே நம்பி எறங்கிடாதீங்க. புத்தகத்துல 350 டிகிரின்னு போட்டிருந்தது, என் ஓவன்ல 250க்கு மேல முள்ளு போகல, சரி இருக்கிறதுல அதிகமா வைப்போம்னு வச்சேன், குக்கீ கரியாயிடுச்சி. அது ஃபாரன்ஹீட்டாம், நம்ம செல்சியஸ் கணக்குல 177தான். ஒரு ஸ்டிக் பட்டர்னா 113 கிராம், முழுக் கட்டியையும் போட்டுடாதீங்க, நான் போட்டேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி கையைக் காட்டுறாரு. ஐயோ, கறிவேப்பிலைப் பொடி சொல்றேன்னு வந்தேனே! சீக்கிரமா சொல்றேன், இலையைக் கழுவி நிழல்ல காயவச்சி, ஈரம் துளிகூட இருக்கக்கூடாது, கடலைப்பருப்பு உளுத்தம்பருப்பு காஞ்ச மிளகாய் தனித்தனியா வறுத்து, புளி ஒரு கோலிக்குண்டு அளவு, இலையைக் கடைசியா அடுப்பை அணைச்சிட்டு அந்தச் சூட்டுலயே போட்டுப் பெரட்டி, ஆறினப்புறம்தான் அரைக்கணும், சூட்டோட அரைச்சீங்கன்னா... சரி தம்பி, சரி, முடிச்சிட்டேன். உப்பு மறந்துடாதீங்க!