ஆஃப் சீசன்ல பாஸ் ரஷ்ஷை எப்படிப் பலப்படுத்தறது? நேயர் சந்தேகத்துக்கு விளக்கம்

அடுத்த கேள்வி ஓஹையோல இருந்து வந்திருக்கு. அமெரிக்கன் ஃபுட்பால்ல, என்.எஃப்.எல். லீக்ல ஆடற சின்சினாட்டி பெங்கால்ஸ் டீமோட ரசிகர். வாசிக்கிறேன்: "ட்ரே ஹென்ட்ரிக்சன் 2024 சீசன்ல 17.5 சாக் எடுத்தார், லீக்லயே அவர்தான் முதல். அப்படியும் எங்க டிஃபென்ஸ் பாயிண்ட்டை வாரிக் கொடுத்துச்சு. இப்படி ஒரு டீம் ஆஃப் சீசன்ல பாஸ் ரஷ்ஷை எப்படிச் சரி பண்ணணும்? ஃப்ரீ ஏஜென்சில இன்னொரு பெரிய எட்ஜ் ரஷ்ஷரை வாங்கிட்டாப் போதுமா?"

போதாது. என்னைக் கேட்டா, அதைக் கடைசியாத்தான் செய்யணும். முதல்ல நடுவுல ஆள் வேணும். அப்புறம் மாத்தி மாத்தி இறக்க ஆறேழு பேர் வேணும். இது ரெண்டும் இருந்தாத்தான் அந்தப் பெரிய எட்ஜ் ரஷ்ஷருக்குக் கொடுக்கற காசுக்கு அர்த்தம் உண்டு. ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னு விளக்கறேன்.

புதுசாப் பார்க்கிறவங்களுக்குச் சில வரி. பந்தை எறியறவர் க்வார்ட்டர்பேக். அவர் எறியறதுக்கு முன்னாடியே, ஆட்டம் தொடங்கின கோட்டுக்குப் பின்னாலயே அவரை மடக்கிக் கீழே தள்ளினா அது சாக். அதுக்காக முன்வரிசைக்காரங்க பாயற பாய்ச்சல்தான் பாஸ் ரஷ். ஓரத்துல இருந்து பாயறவர் எட்ஜ் ரஷ்ஷர். ஒப்பந்தம் முடிஞ்ச வீரர்களைக் காசு கொடுத்து எடுக்கற சந்தைதான் ஃப்ரீ ஏஜென்சி.

இப்போ க்வார்ட்டர்பேக் பந்தை வாங்கிட்டுப் பின்னாடி போய் நிக்கறார். அவரைச் சுத்தி அவரோட ஆளுங்க அரண் மாதிரி நிக்கறாங்க, அதைத்தான் பாக்கெட்னு சொல்றோம். எட்ஜ் ரஷ்ஷர் ஓரத்துல இருந்து வளைஞ்சு வர்றார். அந்த ஓரத்தைக் காக்கற டேக்கிளைத் தாண்டியும் வந்துட்டார். ஆனா அரணோட நடுவுல நிக்கற சென்டரும் ரெண்டு கார்டும் ஒரு அடி கூடப் பின்வாங்கலைன்னா என்ன ஆகும்? க்வார்ட்டர்பேக் நிதானமா முன்னாடி ரெண்டு எட்டு வைப்பார். எட்ஜ் ரஷ்ஷர் அவர் முதுகுக்குப் பின்னால சுத்திட்டுப் போயிடுவார். பந்து பறந்திடும். கோழி பிடிக்கிற மாதிரிதான் இது. ஒருத்தர் எவ்வளவு வேகமாத் துரத்தினாலும், எதிர்ல மறிக்க ஆள் இல்லைன்னா அது தப்பிச்சிடும்.

2024 பெங்கால்ஸுக்கு நடந்தது இதேதான். அவங்க க்வார்ட்டர்பேக் ஜோ பர்ரோ அந்த வருஷம் எறிஞ்சது 4,918 யார்டு, 43 டச்டவுன். ரெண்டுலயும் லீக்ல முதல். அவ்வளவு ஆடியும் டீம் 9 வெற்றி, 8 தோல்வி, நாக்அவுட் சுற்றான ப்ளேஆஃபுக்கே போகலை. பால்டிமோர்கிட்ட 38 பாயிண்ட் அடிச்சு 41-38ன்னு தோத்தாங்க. பிட்ஸ்பர்க்கிட்டயும் 38 அடிச்சாங்க, 44 வாங்கினாங்க. டீம் எடுத்த மொத்த சாக்ல கிட்டத்தட்டப் பாதி ஹென்ட்ரிக்சன் ஒருத்தரோடது. எதிர் டீம் கோச் என்ன செய்வார்? அவர் எந்தப் பக்கம் நிக்கறாரோ அங்க டைட் எண்ட் ஒரு இடி இடிச்சுட்டுப் போவார், ரன்னிங் பேக்கும் ஒரு தோள் கொடுப்பார். அதையும் மீறி 17.5 எடுத்தார்னா அது அந்த மனுஷனோட உழைப்பு. ஆனா அவரைத் தடுக்க ரெண்டு பேர் போகும்போது, இந்தப் பக்கம் தனித்தனியா மோதற மத்த மூணு பேர்ல யாராவது ஜெயிக்கணுமே? ஜெயிக்க ஆள் இல்லை. நடுவுல நின்ன டி.ஜே. ரீடர் 2024 மார்ச்ல டெட்ராய்ட்டுக்குப் போயிட்டார். 2023 ட்ராஃப்ட்ல (கல்லூரி வீரர்களை டீம்கள் ரவுண்டு ரவுண்டா வரிசையா எடுக்கற தேர்வு) முதல் ரவுண்டுல எடுத்த மைல்ஸ் மர்ஃபி 2024 முழுக்க ஒரு சாக் கூட எடுக்கலை.

நடுவுல இருக்கற ஆள் எவ்வளவு முக்கியம்னு பெங்கால்ஸ் ரசிகருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2022 பிப்ரவரி சூப்பர் பவுல், அதாவது லீக் இறுதி ஆட்டம், உங்களுக்கு மறந்திருக்காது. லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் பர்ரோவை 7 தடவை சாக் பண்ணினாங்க. 23-20ன்னு ராம்ஸ் முன்னிலை, கடைசி நிமிஷம், நாலாவது டவுன் (அதாவது கடைசி வாய்ப்பு), ஒரே ஒரு யார்டு தேவை. அப்போ பர்ரோவைச் சுழட்டிப் பிடிச்சது ஆரன் டானல்ட். ஓரத்து ஆள் இல்லை அவர், டிஃபென்சிவ் டேக்கிள், டிஃபென்ஸ்ல நடுவுல நிக்கறவர்.

அந்த டானல்ட் 2024 மார்ச்ல ஓய்வு அறிவிச்சப்போ ராம்ஸ் டிஃபென்ஸ் முடிஞ்சதுன்னு நிறைய பேர் எழுதினாங்க. ராம்ஸ் செஞ்சதைத்தான் நான் எல்லா டீமுக்கும் பாடமா வைப்பேன். அதனால கொஞ்சம் நேரம் எடுத்துச் சொல்றேன்.

முதல் விஷயம், அவங்க டானல்ட் போற வரைக்கும் காத்திருக்கலை. 2023 ட்ராஃப்ட்ல அவங்ககிட்ட முதல் ரவுண்டு வாய்ப்பே கிடையாது, க்வார்ட்டர்பேக் ஸ்டாஃபோர்டை வாங்கினப்போ அது டெட்ராய்ட்டுக்குப் போயிருந்துச்சு. மூணாவது ரவுண்டுல ரெண்டு பேரை எடுத்தாங்க. 77வதா பைரன் யங், 89வதா கோபி டர்னர். முதல் வருஷமே யங் 8 சாக், டர்னர் 9. டானல்ட் மேல ரெண்டு பேர் விழுந்துக்கிட்டு இருந்தப்போ இந்தப் பசங்களுக்கு ஒத்தைக்கு ஒத்தை மோதற வாய்ப்பு கிடைச்சது. ஒரு வருஷம் அப்படிக் கத்துக்கிட்டாங்க. தலைவர் போறதுக்கு முன்னாடியே வாரிசுகள் தயார்.

அப்புறம் 2024 ட்ராஃப்ட். 2016க்கு அப்புறம் ராம்ஸுக்கு முதல் தடவையா முதல் ரவுண்டு வாய்ப்பு. 19வதா ஜாரட் வெர்ஸ், எட்ஜ். அதோட நிக்கலை. அடுத்த வருஷத்து ரெண்டாவது ரவுண்டையும் சேர்த்துக் கொடுத்து மேல ஏறி, 39வதா ப்ரேடன் ஃபிஸ்க்கை எடுத்தாங்க. ஃபிஸ்க் டிஃபென்சிவ் டேக்கிள். கை நீளம் கம்மின்னு பல பேர் தயங்கின ஆள், ஆனா பந்து நகர்ந்த நொடியில கிளம்பற வேகம் அபாரம். இந்த ரெண்டு பேரும் ஃப்ளோரிடா ஸ்டேட்ல 2023ல ஒண்ணா ஆடினவங்க. ஒருத்தர் உள்ள வெட்டி இடம் திறந்து விட, இன்னொருத்தர் அவரைச் சுத்தி வர்ற ஸ்டண்ட் ஆட்டத்துக்கு அந்தப் பழக்கம் எவ்வளவு உதவும்னு யோசிச்சுப் பாருங்க.

பலன்? 2025 ஜனவரி 13, மினசோட்டாவோட ப்ளேஆஃப். லாஸ் ஏஞ்சலஸ் காட்டுத்தீயால ஆட்டத்தை அரிசோனாவுக்கு மாத்தினாங்க. மினசோட்டா க்வார்ட்டர்பேக் சாம் டார்னால்டை 9 தடவை சாக் பண்ணினாங்க, ப்ளேஆஃப் சாதனையைச் சமன் செஞ்ச எண்ணிக்கை. 27-9ன்னு ஜெயிச்சாங்க. டானல்ட் இல்லாத முதல் வருஷம் அது!

இங்க இன்னொண்ணு கவனிங்க. அந்த சீசன்ல வெர்ஸ் எடுத்த சாக் 4.5 மட்டும்தான். ஆனா சிறந்த புதுமுக டிஃபென்ஸ் வீரர் விருது அவருக்குத்தான். ஏன்னா ஒவ்வொரு ஆட்டத்துலயும் டேக்கிளை அப்படியே பின்னுக்குத் தள்ளி க்வார்ட்டர்பேக்கை இடம் பெயர வெச்சார், சாக்கை மத்தவங்க அள்ளிக்கிட்டாங்க. ஆள் தேடும்போது சாக் எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீங்கன்னு சொல்றது இதனாலதான். எத்தனை தடவை நெருக்கினார், எவ்வளவு சீக்கிரம் நெருக்கினார், எத்தனை பேர் அவரைத் தடுத்தாங்க, இதைப் பாருங்க.

அப்படிப் பார்க்காம சாக் எண்ணிக்கைக்குக் காசு கொடுத்தா என்ன ஆகும்? ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் 2024ல ப்ரைஸ் ஹஃபுக்கு 3 வருஷம், சுமார் 51 மில்லியன் டாலர் கொடுத்தாங்க. அவர் முந்தின வருஷம் ஜெட்ஸ்ல 10 சாக். ஆனா அங்க அவர் டிஃபென்ஸ் ஆடின ஸ்னாப்ல (ஒவ்வொரு தடவை பந்து ஆட்டத்துக்கு வர்றதும் ஒரு ஸ்னாப்) பாதிக்கும் குறைவாத்தான் இறங்கினார், பெரும்பாலும் பாஸ் வரும்னு தெரிஞ்ச நேரத்துல. ஈகிள்ஸ்ல வேற வேலை கொடுத்தாங்க. நடுவுல மணிக்கட்டுக் காயமும் சேர்ந்துக்கிச்சு. 2.5 சாக். சூப்பர் பவுல்ல ஆடற பட்டியல்லயே அவர் பேர் இல்லை.

அந்த சூப்பர் பவுல்ல என்ன நடந்துச்சு? 2025 பிப்ரவரி 9, கான்சஸ் சிட்டியை ஈகிள்ஸ் 40-22ன்னு ஜெயிச்சாங்க. அந்த டீம் க்வார்ட்டர்பேக் மஹோம்ஸை 6 தடவை சாக் பண்ணினாங்க, ஒரு தடவை கூட பிளிட்ஸ் (பின்னால நிக்கறவங்களையும் பாய விடறது) அனுப்பாம! முன்வரிசை நாலு பேர் மட்டும் பாய்ஞ்சு, மத்த ஏழு பேரும் பாஸைத் தடுக்க நின்னாங்க. ஜாஷ் ஸ்வெட் 2.5, மில்ட்டன் வில்லியம்ஸ் 2. ஸ்வெட் நாலாவது ரவுண்டுல எடுத்த ஆள், வில்லியம்ஸ் மூணாவது ரவுண்டு. ஜேலன் கார்ட்டர், ஜார்டன் டேவிஸ், நோலன் ஸ்மித் எல்லாம் முதல் ரவுண்டு. எல்லாருமே அவங்க வீட்டுலயே வளர்ந்த பிள்ளைங்க. 51 மில்லியன் வாங்கினவர் ஓரமா உட்கார்ந்து பார்த்தார்.

அதுக்காக ஃப்ரீ ஏஜென்சியே வேண்டாம்னு சொல்லலை. இதே ஈகிள்ஸ் 2022ல ஹசான் ரெடிக்கை 3 வருஷம் 45 மில்லியனுக்கு எடுத்தாங்க. 16 சாக், டீம் மொத்தம் 70. ஆனா அவர் வந்து சேர்ந்த வீட்டைப் பாருங்க. ஸ்வெட் 11, ப்ராண்டன் க்ரஹாம் 11, நடுவுல ஹார்க்ரேவ் 11. ஒரே டீம்ல நாலு பேர் பத்துக்கு மேல எடுத்தது லீக் வரலாற்றுலயே அதுதான் முதல் தடவை. ரெடிக் மேல ரெண்டு பேரை அனுப்ப எதிராளிக்கு ஆளே மிச்சமில்லை. வெளியில இருந்து வர்றவர் ஜெயிக்கணும்னா உள்ள கூட்டம் தயாரா இருக்கணும்.

சரி, பெங்கால்ஸுக்குத் திரும்புவோம். பர்ரோ, அவர் எறியறதைப் பிடிக்கற ஜமார் சேஸ், டீ ஹிக்கின்ஸ் மூணு பேருக்கும் பெரிய ஒப்பந்தம் போட்டாச்சு. சேஸுக்கு மட்டும் 4 வருஷம் 161 மில்லியன். 2025ல சேலரி கேப், அதாவது ஒரு டீம் சம்பளத்துக்குச் செலவிடக்கூடிய உச்ச வரம்பு, 279.2 மில்லியன். மீதியில முதல் தர எட்ஜ் ரஷ்ஷர் வாங்க முடியுமா? மைக்கா பார்சன்ஸ் 2025 ஆகஸ்ட்ல க்ரீன் பேக்குப் போனப்போ வருஷத்துக்கு 47 மில்லியன். கூடவே ரெண்டு முதல் ரவுண்டும் ஒரு வீரரும் டாலஸுக்குக் கொடுக்க வேண்டியிருந்துச்சு. வெர்ஸுக்கு ராம்ஸ் கொடுக்கறது நாலு வருஷத்துக்கும் சேர்த்தே சுமார் 15 மில்லியன். தாக்குதலுக்கு இவ்வளவு செலவழிச்ச டீமுக்கு எட்ஜ் ரஷ்ஷர் வேணும்னா ட்ராஃப்ட்டை விட்டா வேற வழியே இல்லை.

2025 ட்ராஃப்ட்ல அவங்க 17வதா டெக்சஸ் ஏ அண்ட் எம் எட்ஜ் ரஷ்ஷர் ஷெமார் ஸ்டூவர்ட்டை எடுத்தாங்க. உடம்பு, ஓட்டம், தாவல், எல்லாம் கண்ணைப் பறிக்கும். ஆனா மூணு சீசன்ல 4.5 சாக். வெர்ஸ் 4.5 எடுத்தும் நல்ல ஆள்தானேன்னு கேப்பீங்க. வெர்ஸோடது தொழில்முறை லீக்ல ஒரே வருஷத்துல, இவரோடது கல்லூரியில மூணு வருஷத்துல. நான் அந்த இடத்துல இருந்திருந்தா ஓரெகன்ல ஆடின டிஃபென்சிவ் டேக்கிள் டெரிக் ஹார்மனை எடுத்திருப்பேன். அவர் 21 வரைக்கும் கிடைச்சார், எடுத்தது யாரு? அதே டிவிஷன்ல இருக்கற பிட்ஸ்பர்க். ஹென்ட்ரிக்சனும் 2025 சீசன்ல காயத்தால பாதிக்கு மேல ஆடலை. ஒருத்தரை மட்டும் நம்பற டீமுக்கு அவர் கால் பிசகினாலே சீசன் போச்சு.

அதனால வரிசை இதுதான். மார்ச்ல ஃப்ரீ ஏஜென்சி திறக்கும்போது எட்ஜ் சந்தையில ஏலம் கேக்காம, நடுவுல பாக்கெட்டை நசுக்கற ஒரு அனுபவஸ்தரை நடுத்தர விலைக்கு எடுங்க. 30 வயசு தாண்டினவரா இருந்தாக் கூடப் பரவாயில்லை, ஒரு ஆட்டத்துக்கு 25, 30 ஸ்னாப் இறங்கினாப் போதும். ஏப்ரல்ல முதல் மூணு ரவுண்டுக்குள்ள ரெண்டு பேர், அதுல ஒருத்தர் கண்டிப்பா உள்பக்கம். ஒவ்வொரு வருஷமும் இப்படி எடுங்க, தேவை இல்லாத வருஷமும் எடுங்க. நாலாவது க்வார்ட்டர்ல எதிர் டேக்கிள் மூச்சு வாங்கும்போது உங்க ஆள் புதுசா இறங்கணும், அதுக்குத்தான் இத்தனை பேர்.

ரெண்டு விஷயம் சுருக்கமா. ஓட்டத்தைத் தடுக்கத் தெரியாத டீமுக்குப் பாஸ் ரஷ் வராது. மூணாவது டவுன்ல ரெண்டு யார்டுதான் தேவைன்னா எந்த க்வார்ட்டர்பேக்கும் பந்தைக் கையில வெச்சுக்கிட்டு நிக்க மாட்டார். பின்வரிசையும் அப்படித்தான். 2022 ஜனவரியில கான்சஸ் சிட்டில 21-3ன்னு பின்தங்கியிருந்து பெங்கால்ஸ் ஜெயிச்சாங்களே, அதுல பின்பாதியில பல தடவை மூணே பேர்தான் பாய்ஞ்சாங்க. எட்டுப் பேர் பின்னால நின்னதால மஹோம்ஸுக்கு எறிய இடமே கிடைக்கலை, கடைசியில சாம் ஹப்பர்ட் வந்து அவரைப் பிடிச்சார். அந்த ஹப்பர்ட் 2025 மார்ச்ல ஓய்வு பெற்றுட்டார்.

கேள்வியில கடைசியா ஒரு வரி இருக்கு: "ஆள் இல்லைன்னா பிளிட்ஸ் அதிகமா அனுப்பி சமாளிக்க முடியாதா?" சில டீம் அப்படி ஆடறாங்க, அதுக்கு முதல் தரமான கார்னர்பேக் ரெண்டு பேர் வேணும். தனியா விட்டா தன் ஆளை ஒட்டிக்கிட்டே போறவங்க. 2024 பெங்கால்ஸ்கிட்ட அப்படிப்பட்ட ரெண்டு பேர் இல்லை. ஆள் இல்லாம பிளிட்ஸ் அனுப்பினா, பால்டிமோர் க்வார்ட்டர்பேக் லமார் ஜாக்சன் மாதிரி ஒருத்தர் முன்னாடி காலி மைதானத்தைத் திறந்து விட்ட மாதிரி ஆயிடும். அவரை வருஷத்துக்கு ரெண்டு தடவை சந்திக்க வேண்டிய டீம் இது.