கரும்பு லோடு டிராக்டர்: இழுக்கறது ஈஸி, நிறுத்தறதுதான் வேலை

[காட்சி: ஆலைக்குப் போற ரோடு, லோடு ஏத்தின டிராக்டர் ஒண்ணு மெதுவா வருது]

வணக்கம்ங்க. கரும்பு சீசன் வந்துட்டா விழுப்புரம், கடலூர் பக்கம் எந்த ரோட்டுல போனாலும் நமக்கு முன்னாடி ஒரு டிராக்டர் ஆடிக்கிட்டே போயிட்டிருக்கும். வயல்ல நல்லா உழுறவரு ரோட்டுலயும் லோடோட நல்லா ஓட்டுவாருன்னு ஒரு நினைப்பு இருக்கு, அது வேற வேலை, இது வேற வேலை.

ஒரு சின்ன கணக்கு போடுவோம். 50 ஹெச்பி டிராக்டர் சுமாரா 2 டன் எடை இருக்கும், பின்னாடி டிரெய்லரும் கரும்பும் சேர்ந்து 10 டன்னுன்னு வைங்க. கியர் போட்டா இஞ்சின் இழுத்துடும், அதுல சந்தேகமே இல்ல. நிறுத்தறது யாரு? சாதாரண டூவீல் டிரைவ் டிராக்டர்ல பிரேக் பின் சக்கரம் ரெண்டுக்கு மட்டும்தான், முன் சக்கரத்துக்குக் கிடையாது, நம்ம ஊர் டிரெய்லர் நிறைய வண்டியில பிரேக்கே இருக்காது. ஆக மொத்தம் 12 டன்னையும் அந்த ரெண்டு டயர்தான் பிடிக்கணும். இதுல வேகத்தை ரெண்டு மடங்கு ஆக்கினா பிரேக் பிடிச்ச இடத்துல இருந்து நிக்கற தூரம் நாலு மடங்கு ஆயிடும், அதாவது 15 கிலோமீட்டர் வேகத்துல 8 மீட்டர்ல நிக்கிற வண்டி 30ல போனா 32 மீட்டர் கேக்கும்.

[குளோசப்: ரெண்டு பிரேக் பெடல்]

இந்த ரெண்டு பெடல பாருங்க. இடது சக்கரத்துக்கு ஒண்ணு, வலதுக்கு ஒண்ணு, வயல்ல சட்டுனு திரும்பறதுக்காக தனித்தனியா வெச்சிருக்காங்க. ரோட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி இந்த லாக்கைப் போட்டு ரெண்டையும் ஒண்ணா சேத்துடணும். போடாம விட்டு, அவசரத்துல கால் ஒரு பெடல்ல மட்டும் பட்டுச்சுன்னா ஒரு சக்கரம் மட்டும் பிடிச்சு டிராக்டர் ஒரு பக்கமா வெட்டும், பின்னாடி லோடு நேரா தள்ளும், அப்புறம் ஸ்டியரிங்க எவ்வளவு ஒடிச்சாலும் பிரயோஜனம் இல்ல. கை வைக்க ஒரு செகண்ட் ஆகற வேலை இது, ஆனா எத்தனை வண்டியில லாக் துருப்பிடிச்சு தொங்கிட்டிருக்குன்னு நீங்களே போய் பாருங்க.

இப்போ இறக்கம். டீசல் மிச்சம்னு நியூட்ரல்ல விடறாங்க பாருங்க, அங்கதான் பிரச்சனையே. கியர்ல இருந்தா இஞ்சினே வண்டிய பிடிச்சு வைக்கும், நியூட்ரல் போட்டாலோ கிளட்ச்ச மிதிச்சாலோ அந்தப் பிடி போயிடும், மொத்த பாரமும் பிரேக் மேல வந்து விழும், பாதி இறக்கத்துல மறுபடி கியர் போடலாம்னு பாத்தா வேகம் ஏறிட்டதால விழாது. அதனால மேட்டுலயே, இறங்கறதுக்கு முன்னாடியே, ஏறும்போது எந்த கியர் போடுவீங்களோ அதையே போட்டுக்கோங்க. இறங்கும்போது வளைவு வந்தா வளைவுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைச்சிடுங்க, வளைவுக்குள்ள பிரேக் அடிச்சா டிரெய்லர் டிராக்டர பக்கவாட்டுல தள்ளி மடக்கிடும்.

ஏத்தத்துல இதுக்கு நேர் எதிர். முன் சக்கரம் தூக்கும். சில பேர் அதை கெத்தா நினைச்சு வீடியோ வேற எடுத்து போடறாங்க, முன்பக்கம் தூக்கினா ஸ்டியரிங் வேலை செய்யாதுங்க, அதுக்கு மேல போனா டிராக்டர் பின்பக்கமா டிரைவர் மேலயே கவிழும், குதிச்சு தப்பிக்க நேரமே இருக்காது. டிரெய்லர எப்பவும் கீழ இருக்கற கொக்கியிலதான் மாட்டணும், உயரமா மாட்டினா இன்னும் சீக்கிரம் தூக்கும். கொக்கியில போடற பின்னும் சரியானதா இருக்கணும், அதுக்கு லாக்கும் வேணும், கெடச்ச கம்பிய சொருகிட்டு கிளம்பறது ஆகாது. கூடவே ஒரு செயினும் போட்டுட்டா பின் உடைஞ்சாலும் டிரெய்லர் தனியா ஓடாது.

அந்தக் கொக்கி மேல ஆள உக்கார வெச்சு கூட்டிட்டு போறதை தயவுசெஞ்சு நிறுத்துங்க.

[இரவுக் காட்சி: லைட் இல்லாம நிக்கிற டிரெய்லர்]

ராத்திரி வண்டி நின்னா பின்னாடி வர்ற பைக்காரருக்கு என்ன தெரியும்? கரும்பு வெளிய நீட்டிட்டு டெயில் லைட்டையே மறைச்சிருக்கும். சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர டிரெய்லர் ஓரத்துல ஒட்டறதோட விட்டுடாதீங்க, நீட்டிட்டிருக்கற கரும்பு நுனியிலயும் சிவப்பா பளிச்சுனு தெரியற மாதிரி ஒண்ணு கட்டுங்க. பஞ்சர் ஆகி நின்னா ரோட்ட விட்டு முடிஞ்ச வரைக்கும் ஓரமா இறக்கிடுங்க. டயருக்கு அண்டக் கொடுத்த கல்லு இருக்கே, கிளம்பும்போது அதையும் எடுத்து ஓரமா போட்டுட்டு போங்க, வண்டி போன பிறகு நடு ரோட்டுல அது மட்டும் கிடக்கும்.