மார்கழி பிறந்த பிறகு மல்லிகையைக் கவாத்து செய்யலாமா?

கோபிச்செட்டிபாளையத்திலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார்: "வீட்டில் குண்டுமல்லி, சாதிமல்லி, முல்லை மூன்றும் வைத்திருக்கிறேன். மூன்றையும் ஒரே நாளில் வெட்டிவிடச் சொல்கிறார்கள். மார்கழி பிறந்துவிட்டதே, இந்தப் பனியில் வெட்டினால் செடி பட்டுப்போகாதா?"

பட்டுப்போகாதுங்கம்மா. மல்லிகை பூப்பது புதிதாகத் துளிர்க்கும் கிளைகளில்தான் என்பதால், பழைய கிளைகளை அப்படியே விட்டால் செடி புதராக மண்டுமே தவிர, பூ குறைந்துகொண்டே போகும். பனியில் வரத்துக் குறைந்து சத்தியமங்கலம் பூ மார்க்கெட்டில் விலை ஏறும் நாட்களில், செடியில் மிச்சமிருக்கும் நாலு மொட்டை இழக்க மனம் வராதுதான்; ஆனாலும் வெட்டத்தான் வேண்டும்.

மூன்றையும் ஒரே நாளில் வெட்டுவதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசி வாரம், அதாவது கார்த்திகை மாத முற்பாதி. சாதிமல்லிக்கு டிசம்பர் கடைசி வாரம். முல்லைக்கு ஜனவரி கடைசி வாரம், பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் நம் சாலைகளில் நடக்கும் தை மாதம். உங்கள் குண்டுமல்லிக்குச் சில வாரங்கள் தள்ளிப்போயிருக்கிறது, அவ்வளவுதான். இந்த வாரமே வெட்டிவிடுங்கள், பூவும் அதற்கேற்பச் சற்றுத் தாமதமாக வரும். மாசி வரை தள்ளிப்போடாதீர்கள்.

வெட்டுவதற்குச் சில நாட்கள் முன்பே தண்ணீரை நிறுத்திவிட்டு, தரையிலிருந்து 50 செ.மீ. உயரம், அதாவது ஒரு முழத்துக்குச் சற்று மேல் விட்டு வெட்டுங்கள். முல்லைக்கு 45 செ.மீ. போதும். மொண்ணை அரிவாளால் கொத்தினால் பட்டை நார்நாராகக் கிழிந்துவிடும் என்பதால், கூரான கவாத்துக் கத்தரியால், கணுவுக்கு அரை விரல் மேலே சாய்வாக வெட்டுங்கள். வெட்டிய முகத்தைக் கூர்ந்து பாருங்கள். பச்சை வளையத்துக்குள் வெண்மையாக, ஈரமாக இருந்தால் கிளைக்கு உயிர் இருக்கிறது. பழுப்பேறி உலர்ந்திருந்தால் இன்னும் கீழே இறங்கி வெட்ட வேண்டும். தூறல் விழும் நாளில் கத்தரியைத் தொடவே வேண்டாம். நான் ஒரு வருடம் அவசரப்பட்டு மழை ஈரத்தில் வெட்டியதில், கிளைகள் நுனியிலிருந்து கறுத்துக்கொண்டே இறங்கின. தடித்த கிளைகளின் வெட்டுவாயில் போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூசணக்கொல்லிப் பசை) தடவிவிடுவது நல்லது.

பிறகு தூரைச் சுற்றி மண்ணைக் கிளறி, செடிக்கு 10 கிலோ மக்கிய தொழு உரம் இடுங்கள். குண்டுமல்லிக்கு ரசாயன உரமும் இடுவதானால் ஆண்டுக்குச் செடி ஒன்றுக்குத் தழைச்சத்து 60 கிராம், மணிச்சத்தும் சாம்பல்சத்தும் தலா 120 கிராம் வீதம் கணக்கிட்டு, பாதியை இப்போதும் மீதியை ஜூன், ஜூலையிலும் கொடுக்கலாம். உரமிட்ட அன்றே, நிறுத்தி வைத்திருந்த தண்ணீரை மண் நன்றாக நனையும்படி விடுங்கள்.